சேமக்கலம் கண்ட பிளாந்தே

விடியற்காலை நேரம். தெருவோரத்தில் இரவு முழுதும் குளிரில் நின்றிருந்த மோட்டார் காரில் ஒருவர் ஏறி அமர்கின்றார், சாவியைத் திருப்புகின்றார். மறுகணமே இயந்திரம் உறுமி எழுகின்றது. நாள்தோறும் காணும் காட்சியாதலால் இதனை நாம் ஒரு வியப்பாகக் கருதுவதில்லை. ஆனால், பெட்ரோல் இயந்திரம் தானே ஓடத் தொடங்க வல்லதன்று. வேறொன்று அதன் தண்டை முதலிற் சில சுற்றுகள் சுழற்றிவிடல் வேண்டும். மோட்டார் கார் தோன்றிய புதிதில் அவ்வேலையை மனிதனே செய்தான். வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிப் பலங்கொண்டமட்டும் சுற்றுவான். சில வேளைகளில் இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். அவ்வாறு உதைபட்டுக் கையெலும்பு முறிந்தோர் பலர்.

இன்று அப்பணியைச் செய்வது, பாட்டரி என்று நாம் வழங்கும் சிறு பெட்டியாகும். அதனுள்ளே இருப்பவை காரீயமும் கந்தக அமிலமும் நீருமே. இவற்றைக் கொண்டு மின்னாற்றலைத் தேக்கி வைக்கலாம், வேண்டும்போது மீட்கலாம் என்று 1859-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். அக்காலத்தில் மோட்டார் கார் என்பதே கிடையாது.

பிரான்சு நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரனீசு மலைத்தொடருக்கு அருகே, ஓர்த்தே என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரில் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிளாந்தே பிறந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அவருக்குத் தம்பி ஒருவர் பிறந்தார். பிரான்சிஸ் என்னும் அத்தம்பி, பிற்காலத்தில் பியானோ வாசிப்பதில் பெரும்புகழ் பெற்றார். அண்ணன் உள்ளமோ பௌதிகத்தை நாடியது. பாரிசு நகரில் கலைகளுக்கும் கைத்தொழில்களுக்கும் என அமைந்த புகழ்பெற்ற கல்விக்கூடம் ஒன்றில், 1854-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், பௌதிகத் துறையில் உதவி விரிவுரையாளராக அவர் அமர்ந்தார். மறு ஆண்டில், பாரிசை அடுத்த மெதோன் என்னும் இடத்தில், பழங்காலத்துப் பெரும்பறவை ஒன்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். பறக்க இயலாத அப்பறவை இனத்திற்கு அறிஞர்கள் அவர் பெயராலேயே காஸ்தோர்னிஸ் என்று பெயரிட்டனர். இருபத்தொரு வயது இளைஞருக்கு இது சிறு புகழன்று. ஆனால், அவர் எலும்புகளைத் தேடிச் செல்லாமல், தம் ஆய்வுக் கூடத்திற்கே திரும்பினார்.

அந்நாளில் மின்னோட்டம் பெறுவதற்கு இருந்த வழி ஒன்றே எனலாம். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-ஆம் ஆண்டில் காட்டிய வழி அது. இரு வேறு உலோகங்களை உப்புநீரிலோ அமிலத்திலோ தோய்த்து இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும். பின்வந்தோர் இக்கலத்தைப் பலவாறு திருத்தினர். எனினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. கலத்தில் உள்ள துத்தநாகம் விறகு எரிவதுபோலத் தேய்ந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. புதுத் தகடும் புது அமிலமும் இடவேண்டும்.

வேறொரு தொல்லையும் இருந்தது. நீரை மின்னோட்டத்தாற் பகுக்கும்போது ஒரு தகட்டில் ஆக்ஸிஜனும் மற்றொரு தகட்டில் ஹைட்ரஜனும் தோன்றுகின்றன. மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, அவ்விரு தகடுகளையும் ஒரு கம்பியால் இணைத்தால், சிறிது நேரம் மின்னோட்டம் எதிர்த்திசையிற் பாயும். கொடுத்ததைத் திருப்பித் தருவது போன்ற இந்நிகழ்ச்சியை ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். ஆனால், மின்கலங்களைக் கொண்டு தொழில் செய்தோருக்கு இஃது ஓர் இடையூறாகவே தோன்றியது. தாம் செலுத்தும் மின்னோட்டத்தை அது எதிர்த்து நின்று குறைத்தது. ஆதலால் இதனை எங்ஙனம் ஒழிப்பது என்பதே பலருடைய கவலையாய் இருந்தது.

பிளாந்தே கேட்ட கேள்வி வேறு. இவ்வெதிர் மின்னோட்டத்தை ஒழிப்பதை விடுத்து, இதனையே வளர்த்துப் பயன்கொள்ள இயலாதா என்று அவர் எண்ணினார். செம்பு, வெள்ளி, வெள்ளீயம், இரும்பு, துத்தநாகம், பொன், பிளாட்டினம், காரீயம் எனப் பல உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டு, மின்னோட்டம் செலுத்தி, அது திருப்பித் தரும் அளவை ஒப்பிட்டுப் பார்த்தார். பொன்னும் பிளாட்டினமும் தோற்றன. மிக மலிவானதும், மென்மையானதும், பார்வைக்குப் பொலிவற்றதுமான காரீயமே வென்றது. அது தந்த எதிர் மின்னோட்டம் மற்றவற்றினும் வலியதாயும் நெடுநேரம் நீடிப்பதாயும் இருந்தது.

ஆகவே, 1859-ஆம் ஆண்டில் அவர் நீண்ட காரீயத் தகடுகள் இரண்டை எடுத்தார். ஒன்றையொன்று தொடாதபடி இடையே துணியை வைத்தார். பாயைச் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, பத்தில் ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்த நீரில் அமிழ்த்தினார். தகடுகளின் பரப்பு பெரிதாகவும், அவற்றின் இடைவெளி சிறிதாகவும் இருந்தால் மின்னோட்டம் மிகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சுருட்டியதன் காரணம் அதுவே. உலகில் முதன்முதலாகப் பயன்தரத்தக்க சேமக்கலம் இங்ஙனம் உருவாயிற்று. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் இத்தகைய கலங்கள் ஒன்பதை ஒரு பெட்டியில் அடுக்கி, பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார்.

சேமக்கலம் என்ற பெயரைக் கேட்டு, குடத்தில் நீர் நிற்பதுபோல அதனுள் மின்சாரம் நிற்கின்றது என்று எண்ணுதல் பிழை. அதில் மின்சாரம் ஒரு துளியும் தேங்கி நிற்பதில்லை. தேங்கி நிற்பது இரசாயன மாற்றமே. மின்னேற்றம் பெற்ற கலத்தில் நேர்த்தகட்டின்மீது காரீய டை ஆக்ஸைடு என்னும் பழுப்பு நிறப் பொருள் படிந்திருக்கும். எதிர்த்தகட்டின் மேற்புறம் பஞ்சு போன்ற தூய காரீயமாய் இருக்கும். இவ்விரண்டையும் கம்பியால் இணைத்து ஒரு விளக்கை எரித்தோமாயின், இரண்டு தகடுகளிலுமே கந்தக அமிலம் வினை புரிகின்றது. இரண்டுமே சிறிது சிறிதாகக் காரீய சல்பேட்டு என்னும் வெண்ணிறப் பொருளாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் பெருகுகின்றது. இரு தகடுகளும் ஒரே பொருளாகிவிடும் நிலை நெருங்கும்போது கலம் ஓய்ந்துவிடுகின்றது. வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்தினால் இவை அனைத்தும் பின்னோக்கி நடக்கின்றன. சல்பேட்டு பிரிந்து, ஒரு தகடு மீண்டும் டை ஆக்ஸைடாகவும் மற்றது மீண்டும் காரீயமாகவும் ஆகின்றன. செலவான அமிலம் நீருக்குத் திரும்பி வருகின்றது. ஒரு கலம் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு வோல்ட்.

இவ்வளவும் நாம் இன்று தெளிவாகக் கூறுகின்றோம். பிளாந்தேக்கோ இது முழுதும் தெரியாது. தகடுகளில் நிகழ்வது இன்னது என்று கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் இருவர் விளக்கியது 1882-ஆம் ஆண்டில்தான். காரணம் அறியப்படாத நிலையில், கண்ணும் கையும் காட்டிய வழியே அவர் நடந்தார்.

அவ்வழி எளிதாயிருக்கவில்லை. புதிய காரீயத் தகடு மிகச் சிறிதளவே மின்னாற்றலை ஏற்கும். ஏனெனில், மேற்பரப்பு மட்டுமே வினையில் ஈடுபடும். மின்னேற்றி, இறக்கி, மீண்டும் திசைமாற்றி ஏற்றி, இடையிடையே ஓய்வு கொடுத்துப் பலமுறை செய்தால், மாற்றம் தகட்டின் உட்புறம் வரை பரவும், கொள்ளளவு பெருகும். தகடுகளைப் பக்குவப்படுத்தும் இவ்வேலை திங்கட்கணக்கில் நீண்டது. பக்குவமடைய அடைய, தகட்டின் காரீயமும் உள்ளே அரிக்கப்பட்டு வந்தது. ஒரு சேமக்கலத்துக்கு வலிமை தருவதும், இறுதியில் அதனை அழிப்பதும் ஏறத்தாழ ஒரே செயல் என்பது இதனால் விளங்கும். நம் கார்களில் உள்ள பாட்டரி சில ஆண்டுகளிலேயே மூப்படைவதற்கு நேர்த்தகட்டின் இவ்வரிமானம் ஒரு பெருங்காரணம்.

இன்னொரு தடை இதனினும் பெரிது. கலத்தில் மின்னேற்றுவதற்கு மின்னோட்டம் எங்கிருந்து வரும்? துத்தநாகம் தேய்ந்தழியும் அந்தப் பழைய கலங்களிலிருந்துதான் வரவேண்டும். செலவு மிக்க ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்புவதால் என்ன ஆதாயம் என்று உலகம் கேட்டது. அது நியாயமான கேள்வியே. பெல்ஜிய நாட்டவரான கிராம் என்பார் 1871-ஆம் ஆண்டில் பயன்மிக்க டைனமோவைச் செய்து காட்டியபின், நீராவி இயந்திரத்தின் துணையால் மின்னோட்டம் மலிவாய்க் கிடைக்கும் நிலை மெல்ல மெல்ல வந்தது. அதுவரை பிளாந்தேயின் கலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே இருந்தது.

அவ்வாண்டுகளில் அவர் சோர்ந்திருக்கவில்லை. பல கலங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து, இரண்டே இரண்டு பழைய கலங்களைக் கொண்டு மெதுவாக மின்னேற்றினார். பின்பு ஒரு திருகினால் இணைப்பை மாற்றி, அவற்றையே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, மிகுந்த அழுத்தமுள்ள மின்னோட்டத்தைப் பெற்றார். சிற்றோடை நீரைப் பல தொட்டிகளில் நாள் முழுதும் நிரப்பி, அத்தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் உயர அடுக்கி ஒரே வேளையில் திறந்துவிடுவது போன்றது இது. இம்முறையில் 800 கலங்கள் வரை தொடுத்து, அவற்றின் ஒளிப்பொறிகளை மின்னலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். தம் இருபதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1879-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அதன்பின் காலம் விரைந்தோடியது. காமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர், காரீய ஆக்ஸைடைக் களிம்பாக்கித் தகட்டின்மேல் நேரே அப்பும் முறையை 1881-ஆம் ஆண்டளவில் கண்டார். திங்கட்கணக்கில் நடந்த பக்குவ வேலை மிகச் சுருங்கியது. களிம்பு உதிராமல் நிற்கச் சல்லடை போன்ற காரீயச் சட்டங்களைப் பிறர் அமைத்தனர். இன்று கார்களில் உள்ள தகடுகள் ஃபோரின் வழிவந்தவை. பிளாந்தேயின் முறையில் உருவான தடித்த தகடுகளோ நெடுங்காலம் உழைக்கும் தன்மையால், அசையாது நிற்கும் நிலையங்களில் தொடர்ந்து இடம்பெற்றன.

பிளாந்தே 1889-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், பாரிசுக்கு அருகில் மெதோனைச் சேர்ந்த பெல்வூ என்னுமிடத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. பத்தாண்டுகள் கழித்து, 1899-ஆம் ஆண்டு ஏப்ரலில், பெல்ஜிய நாட்டவரான ஜெனாட்சி என்பார் காரீய சேமக்கலங்களால் ஓடும் கார் ஒன்றைப் பாரிசுக்கு அருகே மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் ஓட்டினார். தரையில் ஓடும் கார் ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டரைக் கடந்தது அதுவே முதன்முறை. ஆயினும் நெடுந்தூரம் செல்லும் பந்தயத்தில் பெட்ரோல் வென்றது. மின்சாரக் கார்கள் அக்காலத்தில் பின்வாங்கின. சேமக்கலமோ வென்றவனுக்கே பணியாளாய் அமர்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங் வகுத்த மின் தொடக்கி, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கைப்பிடி சுற்றும் காலம் அதிலிருந்து முடியத் தொடங்கிற்று.

இனி, நம் வீட்டுக் காரிலோ ஊர்ப் பேருந்திலோ உள்ள பாட்டரியைச் சற்று நோக்குவோம். கார்களில் பெரும்பாலும் காணும் 12 வோல்ட் பெட்டியில் ஆறு அறைகள் உண்டு. அறைக்கு இரண்டு வோல்டுக்குச் சற்று மேலாக, ஆறும் சேர்ந்து நிறைவான நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் தரும். இயந்திரத்தைச் சுழற்றும் சில நொடிகளில் அது நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தைத் தரவேண்டியிருக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியபின், அதனோடு இணைந்த மின்னாக்கி அச்செலவை ஈடுசெய்கின்றது. முன்விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 10 ஆம்பியர் கொள்வன. ஆகவே, 40 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியை உடைய காரில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்குகளை அணைக்க மறந்தால் நான்கு மணி நேரத்தில் அது வறண்டுவிடும்.

பாட்டரியின் நிலையை அறிவதற்கு அமிலமே சிறந்த சாட்சி. மின்னிறக்கத்தின்போது அமிலம் செலவாகி நீர் பெருகுகின்றது என்று கண்டோம். அமிலம் நீரினும் கனமானது. எனவே, திரவத்தின் கனம் குறையக் குறைய, பாட்டரி காலியாகி வருகின்றது என்பது தெளிவு. மூடி திறக்கத்தக்க பாட்டரிகளில், ஹைட்ராமீட்டர் என்னும் கருவியின் ரப்பர்க் குமிழை அழுத்தித் திரவத்தைச் சிறிது உறிஞ்சுவர். கண்ணாடிக் குழாயினுள் இருக்கும் மிதவை எந்த அளவிற்கு மிதக்கின்றது என்று பார்ப்பர். ஒப்படர்த்தி 1.26 அல்லது 1.28 என்றால் நிறைவு, 1.19 அளவில் பாதி, 1.12 என்றால் ஏறத்தாழ வெறுமை. வெப்ப நாடுகளில் சற்று நீர்த்த அமிலத்தை நிரப்புவதுண்டு. அங்கே நிறைவான அளவே சிறிது குறைவாயிருக்கும். ஆறு அறைகளையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். ஐந்து அறைகள் ஒரே அளவைக் காட்ட, ஒன்று மட்டும் 0.05-க்கு மேல் தாழ்ந்திருந்தால், அவ்வறை பழுதுற்றது என்று பொருள். ஆறில் ஒன்று கெட்டால் ஆறும் கெட்டதற்கு ஒப்பாகும்.

மூடி திறவாத பெட்டிகளில் இம்முறை செல்லாது. அவற்றை வோல்ட்மீட்டரால் அளப்பர். வண்டி ஓடி நின்றவுடன் அளந்தால் அளவு பொய்யாய் உயர்ந்து காட்டும். சில மணி நேரம் ஓய்வாய் விட்டபின் அளத்தல் வேண்டும். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே சென்றால் உடனே மின்னேற்ற வேண்டும். ஆயினும் இவ்வளவு மட்டும் போதாது. ஓய்விலிருக்கும்போது நல்ல அளவு காட்டி, வேலை கொடுத்தவுடன் சரிந்துவிழும் பாட்டரிகள் உண்டு. நோயாளி படுத்திருக்கும்போது நலமாகத் தோன்றி, எழுந்து நடந்தால் தள்ளாடுவது போன்றதே இது. ஆதலால், இயந்திரத்தைச் சுழற்றும் அந்நொடிகளில் வோல்ட்மீட்டரை மற்றொருவர் நோக்கவேண்டும். மின்னேற்றம் நிறைந்திருந்தும் அளவு 9.6 வோல்டுக்குக் கீழே வீழுமாயின் அப்பாட்டரி தளர்ந்துவிட்டது. இயந்திரம் ஓடும்போது அளவு ஏறத்தாழ 14 வோல்டுக்கு உயர்தல் வேண்டும். உயராவிடில் குற்றம் மின்னாக்கியிடமோ இணைப்பிடமோ இருத்தல் கூடும். இதனை நோக்காது நல்ல பாட்டரியை வீணே மாற்றிப் பணம் இழப்போரும் உளர்.

வெறுமையான பாட்டரியைப் பல நாள் அப்படியே விட்டுவைப்பது பெருந்தீங்கு. தகடுகளில் படிந்த சல்பேட்டு கட்டியாகி இறுகிவிடும். பின்பு எவ்வளவு மின்னேற்றினாலும் அது எளிதிற் கரையாது. திரவம் குறைந்தால் வாலைவடிநீர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மின்னேற்றத்தின் முடிவில் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருகின்றது. ஒரு தீக்குச்சி போதும், அது வெடிப்பதற்கு. அமிலமோ தோலையும் கண்ணையும் புண்ணாக்க வல்லது. ஆதலின், மாணவர் இச்சோதனைகளைத் தக்க பெரியவர் உடனிருக்க, கண்காப்பும் கையுறையும் அணிந்தே செய்தல் வேண்டும்.

பிளாந்தேயின் தம்பி பிரான்சிஸ் நெடுங்காலம் வாழ்ந்தார். பியானோவை அவர் 1928-ஆம் ஆண்டில், எண்பத்தொன்பதாம் வயதில், இசைத்தட்டுக்காகவும் வாசித்தார். தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்து, 1934-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அண்ணன் பிறந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்குள் பிரான்சு நாட்டுச் சாலைகளில் கைப்பிடி சுற்றாமலே கார்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன.